முன் சீட்டில் தண்ணீர்க் கேன்

"இறங்கு, இறங்கு. அது ஆள் உட்கார்ற இடம் இல்ல."

மக்ரீத்தா போய்ஸின் வெள்ளிக்கிழமை இந்த வார்த்தைகளோடுதான் தொடங்குகிறது. மால்டஹோகே என்ற பாலைவனத்துச் சிற்றூரின் பெட்ரோல் பங்க் ஓரத்தில் அவளுடைய வேன் நிற்கிறது. பின்னால் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூரைமேல் மெத்தை, மாவு மூட்டை, தலைகீழாக ஒரு நாற்காலி. இருந்தும் ஓட்டுபவளுக்குப் பக்கத்துச் சீட் காலி. விவரம் தெரியாத யாராவது ஒருவர் வாராவாரம் அதில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்.

"காலியாத்தானே கிடக்கு அக்கா?"

"காலியா? தண்ணி உட்கார்ந்திருக்கு, கண்ணு தெரியல?"

பொய்யில்லை. ஒரு பெரிய தண்ணீர்க் கேன், அதன்மேல் துணிப்பையில் உப்புக்கண்டமும் கனலில் சுட்ட ரொட்டியும். எல்லாவற்றையும் சேர்த்து சீட் பெல்ட்டால் கட்டிவைத்திருக்கிறாள்.

"தண்ணி டிக்கெட் எடுத்திருக்கா?"

"எடுத்திருக்கு. உன்னை மாதிரி பேரம் பேசல. பின்னாடி போ."

வழியில் எங்காவது ஒரு வண்டி நின்றுபோயிருக்கலாம், அதன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கலாம். அந்த ஆளுக்கான இடம் அது. பாதி வாரங்களில் அப்படி யாரும் நிற்பதில்லை. காலிச் சீட்டோடு தன் ஊரான பெத்தானிக்குப் போய்ச் சேர்ந்தால் மக்ரீத்தாவுக்குச் சந்தோஷம்தான். "இன்னைக்கு ஒருத்தனும் நிக்கல" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு கேனை இறக்குவாள். ஒரு டிக்கெட் போனதைப் பற்றி அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

ஐம்பதைத் தாண்டியவள். எவ்வளவு தாண்டினாள் என்று கேட்டவர்களுக்கு இதுவரை நல்ல பதில் கிடைத்ததில்லை. பல நிற ஒட்டுத்துணிகளில் தைத்த நீண்ட அங்கி, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, காலில் ஆண்கள் போடும் பூட்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற அதே குரலில்தான் மற்ற நாட்களில் திட்டுகிறாள். அதனால் அவளிடம் திட்டு வாங்குவது அவ்வளவு மோசமான அனுபவம் இல்லை என்பது பயணிகளின் கட்சி.

ஊரை விட்டதும் தார் முடிந்துவிடும். மக்ரீத்தா இறங்கி, நாலு டயரிலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டு, "இப்பவே எல்லாரும் ஒதுங்கிட்டு வந்துடுங்க. அப்புறம் நடுவழியில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடக் கூடாது" என்று அறிவிப்பாள். அதன்பிறகு சரளை. வண்டிகள் ஓடி ஓடிச் சாலை தகரக் கூரை மாதிரி வரிவரியாக எழும்பிக் கிடக்கும். மெதுவாகப் போனால் பல் ஆடும், வேகமாகப் போனால் வேன் தன் இஷ்டத்துக்கு வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் அந்த வரிகளின் முதுகுமேல் வேன் மிதக்கும். பிடித்துவிட்டாள் என்பது அவள் பாட ஆரம்பிக்கும்போது தெரியும்.

சாலை நேராகப் போய் வானத்தில் முட்டுகிறது. இரண்டு பக்கமும் வெளுத்த புல், கருங்கல், மறுபடி புல். தூரத்து மலைகள் முதலில் நீலமாக இருக்கின்றன. பக்கத்தில் வரவரப் பழுப்பாகி, தாண்டிப் போனபின் கண்ணாடியில் பார்த்தால் மறுபடி நீலமாகிவிடுகின்றன. எங்காவது ஓர் ஓரிக்ஸ் மான், வந்த வேலை மறந்துபோனதுபோல் வெயிலில் நின்றுகொண்டிருக்கும். கை காட்ட ஒரு வீடு இருக்காது, நிழலுக்கு ஒரு மரத்தைத் தேடவேண்டும்.

எதிரே வண்டி வருவதைத் தூசிதான் முதலில் சொல்லும். தூசி பெரிதாகி, அதற்குள்ளிருந்து வண்டி முளைத்து, கிட்டே வந்ததும் மக்ரீத்தா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவாள். அது முன்பின் தெரியாதவருக்கான வணக்கம். தெரிந்தவருக்கு முழுக்கை. பாதிரியாருக்குக் கையோடு ஒரு சிரிப்பும் உண்டு. ஒரே ஒரு வேனுக்கு மட்டும் விரலும் கிடையாது, கையும் கிடையாது. பச்சைக் கோடு போட்ட அந்தப் பழைய வேன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் அதே நேரம் கால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். சக்கரத்திலிருந்து தெறிக்கிற கல் அந்த வேனின் கண்ணாடியில் பட்டுவிடக் கூடாதாம். அதே சாலையில் ஆள் ஏற்றி அதை ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி எஃப்ராயிம்.

அந்தக் கதைக்கு முன்னால் பானட் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாலையில் ஒரு வண்டி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், வருகிற வண்டி நிற்கும். ஓட்டுகிறவன் யார், எந்த ஊர், போன வருஷம் என்ன சண்டை என்பதெல்லாம் அப்புறம். பிள்ளைகள் விளையாட்டுக்கு பானட்டைத் தூக்கினால் முதுகில் ஒன்று விழும். மக்ரீத்தா இதில் ஒரு படி மேலே. பானட் மூடியிருந்தாலும் அவள் நிற்பாள். கூரையில் கூடாரம் கட்டிய வாடகை ஜீப்புகளில் வரும் வெள்ளைக்காரர்கள், வெறும் வெளியைப் படம் பிடிப்பதற்காக அங்கங்கே நிறுத்துகிறார்களே, அவர்களுக்கும் நிற்பாள்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல அக்கா, போட்டோ எடுக்கறாங்க."

"எதை?"

பயணிகள் எல்லோரும் சன்னல் வழியாகப் பார்ப்பார்கள். ஒன்றுமே இருக்காது. மக்ரீத்தா அவர்களுக்குத் தலைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாவம் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுப்பாள்.

தம்பி கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன், முதியோர் உதவிப்பணம் கொடுக்கிற நாளில், மக்ரீத்தாவின் வேன் கூட்டு மரத்தடியில் இஞ்சின் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. குருவிகள் சேர்ந்து ஒரு வைக்கோல் போர் அளவுக்குக் கூடு கட்டியிருக்கிற முள்மரம் அது. பல மைலுக்கு அந்த ஒரு மரம்தான். எஃப்ராயிம் பின்னால் வந்தான். பெத்தானியில் பணம் வாங்கிய கிழவர் கிழவிகள் வண்டிக்குக் காத்திருப்பார்கள், யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்குத்தான் கூட்டம். அவன் அக்காவைப் பார்த்தான், தூக்கிய பானட்டைப் பார்த்தான், தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று வேறு வண்டி வரவில்லை. இருந்த தண்ணீர் சாயங்காலத்திலேயே தீர்ந்தது. ராத்திரிக் குளிரில் பயணி ஒருத்தியின் கைக்குழந்தை விடிய விடிய அழுதது. காலையில் ஆட்டு லாரி ஒன்று வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஆகியிருந்தா?" என்று மக்ரீத்தா இன்றைக்கும் கேட்பாள். அவளுக்காக அவள் கோபப்படவில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காதைத் திருகிவிட்டு மன்னித்திருப்பாள்.

அன்றிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. இதில் ஒரு வேடிக்கை. அவர்களுடைய நாமா இனத்தின் பழைய வழக்கப்படி, வளர்ந்த தம்பி மூத்த அக்காவோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவ்வளவு மரியாதை. சொல்லவேண்டியதை நடுவில் ஓர் ஆள் மூலம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள்? ஆனால் பெத்தானிக் கிழவர்கள் இந்த இருவரையும் பார்த்துப் பூரித்துப்போனார்கள். "போய்ஸ் வீட்டுப் பிள்ளைங்கதான் நம்ம முறையை விடாம வச்சிருக்காங்க" என்று சர்ச் வாசலில் மெச்சிக்கொண்டார்கள். மக்ரீத்தா பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தாள்.

இன்னொரு வேடிக்கை, எஃப்ராயிமின் வேன் அதன்பிறகு அடிக்கடி நின்றது. நின்றால் மக்ரீத்தா நிறுத்தித்தானே ஆகவேண்டும்? நிறுத்துவாள். தன் முன் சீட்டுக்கு அடியிலிருந்து சிவப்பும் கறுப்புமான பேட்டரிக் கேபிளை உருவி, தன் வண்டியிலிருந்து அவன் வண்டிக்கு உயிர் கொடுப்பாள். வாய் மட்டும் திறக்காது. வாரந்தோறும் பெத்தானியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற ஃபிலிப்பஸ் தாத்தாதான் நடுவர்.

"தாத்தா, சாவியைத் திருகச் சொல்லுங்க."

"சாவியைத் திருகுவியாம்டா."

"திருகிட்டேன்னு சொல்லுங்க தாத்தா."

"திருகிட்டானாம். ஏம்மா, மூணு பேரும் ஒரே எடத்துலதானே நிக்கிறோம்?"

வண்டி கிளம்பியதும் கேபிளைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். முன் சீட் மட்டும் அவனுக்குக் கிடைத்ததில்லை. ஒருமுறை அவன் வண்டி அடியோடு படுத்துவிட்டபோது, பின்னால் மாவு மூட்டைக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவே அவனை உட்காரவைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கேன் முன் சீட்டிலேயே ஜம்மென்று உட்கார்ந்து வந்தது.

எஃப்ராயிம் சமாதானத்துக்கு ஆள் அனுப்பாமல் இல்லை. பாதிரியார் வந்தார், தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். ஒரு கொழுத்த செம்மறி வந்தது. அதை அவள் திருப்பி அனுப்புவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. அவளோ வெட்டி, தலையைத் தனியாக வேகவைத்து, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்துச் சாப்பிட்டாள். "ஆட்டோட எனக்கென்ன சண்டை? அவன் வரணும். எந்த எடத்துல என்னை விட்டுட்டுப் போனானோ அந்த எடத்துல நின்னு, அவன் வாயால சொல்லணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

"அந்தப் பொட்டல்ல போய் நின்னு நான் யார்கிட்டப் பேசறது, காத்துகிட்டயா?" என்று பதில் வந்தது. இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிறப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் எஃப்ராயிமின் மகள் யோலாண்டாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பெண் கேட்க மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். அவர்களை வாசலில் வெயிலில் உட்காரவைத்து, கேட்கக் கேட்க இல்லை என்று சொல்லி அலைக்கழித்து, கடைசியில்தான் சம்மதிப்பார்கள். அந்தக் கடைசி வார்த்தையை போய்ஸ் குடும்பத்தில் பெண்ணின் மூத்த அத்தைதான் சொல்ல வேண்டும். அத்தை வராவிட்டால் அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அத்தையின் வேனில் முன் சீட்டில் சவாரி செய்து வளர்ந்த பெண் யோலாண்டா. அப்போதெல்லாம் அங்கே கேன் இல்லை. "அத்தை வராம நான் யாருக்கும் கழுத்தை நீட்டறதா இல்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மக்ரீத்தா இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து வெளியே வந்து, "அவன் சொல்லட்டும்" என்றாள். நாள் சனிக்கிழமை என்று குறித்திருந்தார்கள். அத்தை வருவதாக யாரும் நம்பவில்லை.

அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. மக்ரீத்தா பாடிக்கொண்டுதான் வந்தாள். கூட்டு மரம் ஒரு புள்ளியாகத் தெரிந்தபோது பாட்டு நின்றது. மரத்தடியில் ஒரு வேன், பானட் தூக்கியிருந்தது, பக்கவாட்டில் பச்சைக் கோடு.

"உன் தம்பி வண்டி மாதிரி இருக்கேம்மா" என்றார் ஃபிலிப்பஸ் தாத்தா.

"எனக்கும் கண்ணு இருக்கு."

நிறுத்தினாள். கேபிளை எடுக்கவில்லை, முதலில் என்ன வியாதி என்று பார்க்க வேண்டும். எஃப்ராயிம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். காலடியில் இரண்டு வெளிநாட்டுத் தண்ணீர் பாட்டில்கள். போட்டோ எடுக்கிற ஜீப்காரர்கள் இரக்கப்பட்டு நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் வேனுக்குள் ரேடியோ கம்மிய குரலில் பாடிக்கொண்டிருந்தது. பயணிகள் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமைச் சவாரியை விட்டுவிட்டு வெறும் வண்டியோடு வந்திருந்தான்.

மக்ரீத்தா குனிந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். குழாய்களைத் தடவினாள். தண்ணீர் இருந்தது, எண்ணெய் இருந்தது. இஞ்சினில் கை வைத்தாள், சில்லென்று ஆறிக் கிடந்தது.

"தாத்தா, இதுக்கு என்ன நோவுன்னு கேளுங்க."

"என்ன நோவுடா?"

எஃப்ராயிம் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "நோவு ஒண்ணும் இல்ல தாத்தா. சும்மாதான் தொறந்து வச்சேன்."

மக்ரீத்தாவின் வேனுக்குள் எல்லோரும் சன்னல் பக்கம் நெருங்கினார்கள்.

"சும்மாவா?" என்று கத்தினாள் மக்ரீத்தா. "அடப் பாவி! சும்மா யாராவது பானட்டைத் தொறப்பானா? உனக்குப் புத்தி இருக்கா? வர்றவன் போறவன் எல்லாம் நிப்பாட்டுவான். நாளைக்கு நெசமாவே நின்னா எவன்டா உனக்கு நிப்பாட்டுவான்?"

"நீ நிப்பாட்டுவே" என்றான் எஃப்ராயிம்.

தான் நேராகப் பேசிவிட்டதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள். அவன் பழக்கதோஷத்தில், "தாத்தா, அக்காகிட்டச் சொல்லுங்க..." என்று ஆரம்பித்தான்.

"எனக்குக் காது அடைச்சிருக்கு" என்றார் ஃபிலிப்பஸ் தாத்தா. "நீயே சொல்லிக்கோ." விடுவிடுவென்று போய் வேனில் ஏறி, சன்னலைப் பாதி மட்டும் சாத்திக்கொண்டார்.

எஃப்ராயிம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு இதே எடத்துல நான் நிப்பாட்டலக்கா. உன்னைப் பாக்கலன்னு ஊர்ல சொன்னேன். பாத்தேன். கூட்டம் போயிடுமேன்னு போயிட்டேன். போய்க்கிட்டே இருக்கறப்ப, திரும்பலாம் திரும்பலாம்னு நெனைச்சுக்கிட்டே போயிட்டேன்."

"குழந்தை அழுதுச்சு."

"தெரியும்."

"ராத்திரி பூரா அழுதுச்சுடா."

"தெரியும்க்கா. அதோட அம்மாவை சர்ச்ல பாத்தா நான் வேற பக்கம் போய் உட்கார்றேன். மன்னிச்சுடு."

காற்று அடித்தது. மேலே கூட்டுக்குள் குருவிகள் கூச்சல் போட்டன. மக்ரீத்தா தலைத்துண்டின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவனை அறைய வேண்டும்போலவும் இருந்தது, சின்ன வயதில் போல இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், அவன் பானட்டை இரண்டு கையாலும் இழுத்து அறைந்து மூடினாள்.

"நாளைக்கு அந்தப் பையன் வீட்டு ஆளுங்களை எவ்வளவு நேரம் வெயில்ல உட்கார வைக்கிறதா உத்தேசம்?"

"நீ சொல்ற வரைக்கும்."

"சாயங்காலம் வரைக்கும் உட்காரட்டும். எங்க பொண்ணு என்ன தெருவுல கிடந்தாளா? சரி, வண்டியை எடு."

எஃப்ராயிம் முகமெல்லாம் மலர ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். டொக் என்றது. மறுபடி திருகினான். அதுவும் இல்லை. காலையிலிருந்து பொழுதுபோகாமல் ரேடியோவைப் பாடவிட்டிருந்ததில் கிழட்டு பேட்டரி இருந்த உயிரையும் விட்டிருந்தது. சும்மா நின்ற வண்டி நிஜமாகவே நின்றுவிட்டது.

மக்ரீத்தாவின் வேனிலிருந்து ஒரே சிரிப்பு. "கேபிளைப் போடு அக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

"கேபிள் ஏது?" என்றாள் மக்ரீத்தா. "பெத்தானியிலயே விட்டுட்டு வந்துட்டேன். வண்டி இங்கயே கிடக்கட்டும், எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். வா."

தன் வேனின் முன்கதவைத் திறந்தாள். பெல்ட்டைக் கழற்றி, கேனையும் துணிப்பையையும் தூக்கி ஃபிலிப்பஸ் தாத்தாவின் மடியில் வைத்தாள். தலைத்துண்டை அவிழ்த்து சீட்டின் தூசியைத் தட்டினாள். சீட்டுக்கு அடியிலிருந்து கேபிளின் சிவப்பு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எஃப்ராயிம் வந்து சேர்வதற்குள் அதை பூட்ஸ் காலால் உள்ளே தள்ளிவிட்டாள்.